எதுக்குன்னு கேட்டவர்

பிள்ளை இல்லாத ஒரு மனிதருக்கு ஒரே சாயங்காலத்தில் மூன்று மகன்கள், இரண்டு தம்பிகள், ஒரு அக்கா, ஒரு அப்பா என்று உண்டாக்கிக் கொடுத்தவன் நான். இதற்காக எந்தக் கோயிலையும் சுற்றவில்லை. வாயாலேயே செய்தேன். பி.எல். படிப்பு முதல் வருஷத்திலேயே என்னைக் கைகழுவியிருந்தது. நான்தான் அதைக் கைகழுவாமல் இருந்தேன். பக்கத்தில் யாராவது தும்மினால் அது சட்டத்தின் எந்தப் பிரிவில் வரும் என்று சொல்லத் துடித்துக்கொண்டிருந்த வயது. அப்படித் துடித்துச் சொன்ன ஒரே ஒரு பிரிவு, விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஓட்டலைச் சில மாதங்களுக்குக் கூட்டுக்குடும்பமாக்கியது. கடைசியில் அதன் சொந்தக்காரரை எல்லார் முன்னாலும் வாயடைத்து நிற்கவும் வைத்தது.

அந்தச் சொந்தக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "மொதலாளி" என்றால் கோபம் வந்துவிடும். "நான் இன்னா மில்லா வச்சினு இருக்கேன்? அண்ணன்னு கூப்டுடா" என்பார். அதனால் அங்கே வேலை செய்த ஏழு பேரும் அவரை அண்ணன் என்றார்கள், அவரைவிட மூன்று வயது மூத்த சமையல் மாஸ்டர் உட்பட. அடுத்த கட்டிடத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்துகொண்டு மூன்று வேளையும் அங்கே சாப்பிட்ட நானும் அண்ணன் என்றேன்.

ஆள் குள்ளம். சட்டை போட மாட்டார், தோளில் ஒரு துண்டு. கல்லாவில் உட்காரமாட்டார், உட்கார்ந்தால் சாப்பிடுகிறவர்கள் முகம் தெரியாதாம். இலையைப் பார்த்துப் பரிமாறச் சொல்லும் ஓட்டல்காரர்கள் உண்டு. இவர் முகத்தைப் பார்ப்பார். "அந்தத் தம்பிக்கு இன்னும் சோறு வையிடா, பசி போவல" என்பார். பசி போகவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரியவரும்.

வேலை செய்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, பின்கட்டில் படுக்கை, தீபாவளிக்குத் துணி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா. ஒரு தடவை மாஸ்டருக்குக் கண் மங்கியபோது கடையை மூடிவிட்டு அவரைப் பாண்டிச்சேரிக்கே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தங்கக் கலர் ஃபிரேம். மாஸ்டருக்குக் கறுப்பு ஃபிரேம் மேல் ஆசை. "கறுப்பு எதுக்கு? உன் மூஞ்சிக்கு இதான் எடுப்பு" என்று முடித்துவிட்டார். அதற்கப்புறம் மாஸ்டர் தோசைக்கல் முன்னால் நிற்கும்போது நாடகத்தில் ஜமீன்தார் வேஷம் கட்டியவர் போல இருப்பார்.

சம்பளம் என்று மட்டும் ஒன்று கிடையாது. காசு வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்று சொன்னதே இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி வரும்.

"எதுக்கு?"

அதட்டிக் கேட்கமாட்டார். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு எங்கே வலிக்கிறது என்று கேட்பது போலக் கேட்பார். பதில் சொல்லிவிட்டால் போதும், காசு கைக்கு வராது, பொருள் வந்துவிடும். மாவாட்டும் பச்சையம்மா ஒருநாள் ஓரணா கேட்டாள். அணாவெல்லாம் போய் நயா பைசா வந்திருந்தாலும் அவள் வாயில் அணாதான். அவளுக்கு வேண்டியது மூக்குப்பொடி. ஆம்பிளைகள் முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டு "வெத்தலைக்கு" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் நேரே போய் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டார். பச்சையம்மா வெற்றிலையே போடமாட்டாள். ஒரு வாரம் ஓட்டலில் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் இலவச வெற்றிலை.

பரிமாறுகிற ஏழுமலை சினிமாவுக்குக் காசு கேட்டான்.

"இன்னா படம்?"

சொன்னான்.

"அது அழுவற படம்டா. வேணாம். அந்தக் கொட்டாய்ல சண்டைப் படம் ஓடுது, வா."

கூடவே போய் டிக்கெட் எடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, இடைவேளையில் முறுக்கும் வாங்கிக் கொடுத்தார். அழுவதற்கென்று கிளம்பிய ஏழுமலை சண்டை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. மாதக் கடைசியில் ஐந்து ரூபாய் கைமாற்றுக் கேட்டேன். "எதுக்கு தம்பி?" புத்தகம் வாங்க என்று பெருமையாகச் சொன்னேன். "இன்னும் எவ்ளோதான் படிப்ப? கண்ணு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். மறுநாளிலிருந்து என் இலையில் மட்டும் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. புத்தகம் வாங்காமலேயே என் பார்வை தெளிவானது.

கருமி இல்லை அவர். கருமியாக இருந்தால் அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

*

ஓட்டல் தொழிலாளிகளுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு, இவ்வளவுக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். உத்தரவு வந்தது எனக்குத் தெரியும், பேப்பரில் படித்தேன். ஓட்டலில் யாருக்கும் தெரியாது. கடலூரிலிருந்து லேபர் இன்ஸ்பெக்டர் வந்தபோதுதான் தெரிந்தது.

ஒல்லியான, அவசரமே இல்லாத மனிதர். உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து காசை நீட்டினார்.

"காசா? எதுக்கு?" என்றார் அண்ணன், பழக்க தோஷத்தில்.

"தோசைக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிறகுதான் தான் யார் என்று சொன்னார். தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த ஏழுமலையைக் கூப்பிட்டு, "சம்பளம் எவ்வளவுப்பா?" என்று கேட்டார்.

"சம்பளம்லாம் இல்லீங்க சார். அண்ணன் பாத்துக்குவாரு."

"எவ்வளவு பாத்துக்குவாரு?"

ஏழுமலை யோசித்துப் பார்த்தான். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருந்தது. இன்ஸ்பெக்டர் கூலி விவரம் அச்சடித்த தாளை மேஜைமேல் வைத்தார். சுவரில் ஒட்டுங்கள், அடுத்த மாதம் வருகிறேன், அப்போது எல்லாருக்கும் இதன்படி கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிடவில்லை. நான் பார்த்தவரையில் அதுதான் முதல் தடவை.

"தம்பி, நான் யாரையாவது பட்டினி போட்டேனா? என் புள்ளைங்க மாரி வச்சினு இருக்கேன். இவங்களுக்கு நான் கூலி குடுக்கறதா? வெளியில கேட்டா காறித் துப்பமாட்டான்?"

இங்கேதான் நான் நுழைந்தேன். "அண்ணே, சட்டத்திலேயே வழி இருக்கு. முதலாளியோட சேர்ந்து குடியிருந்து, அவரை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்காரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்டிப் போடு. எல்லாம் என் தங்கச்சி புள்ளைங்கன்னு சொல்லிட்டாப் போச்சு."

"தங்கச்சி பிள்ளை சட்டத்துல இல்லண்ணே. பெண்டாட்டி, பிள்ளை, அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க. அவ்வளவுதான்."

"சித்தப்பா?"

"இல்ல."

"சித்தப்பா இல்லாத ஒரு குடும்பமா? இன்னா சட்டம் எழுதினானுங்க!"

இருக்கிற இடங்களில் ஆட்களை நிரப்பினோம். அவர் மனைவி இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. அதனால் மகன் இடம் முழுவதும் காலி. பரிமாறுகிற மூன்று இளவட்டங்கள் மகன்கள். பாத்திரம் கழுவுகிறவரும் தண்ணீர் இறைக்கிறவரும் தம்பிகள். பச்சையம்மா அக்கா. மாஸ்டர் இடத்தில்தான் இடித்தது. அவரை அண்ணன் என்று போட்டுவிடலாம் என்றேன்.

"அதெப்பிடி? இந்தக் கடைக்கு ஒரே அண்ணன்தான், அது நான். வேணும்னா அப்பாவா இருந்துட்டுப் போவட்டும்."

மாஸ்டரிடம் சேதி சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கக் கலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பச்சையம்மா மட்டும் பேசினாள். "அக்கான்னா பொங்கலுக்குச் சீர் வெக்கணும். வெப்பியா?"

"வெக்கறேன், போ" என்றார். சொன்னபடி அந்தப் பொங்கலுக்குப் புடவை, மஞ்சள், கரும்பு, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலை ஒரு மூட்டை என்று ஊர்வலமாகக் கொண்டுபோய் வைத்தார். பச்சையம்மாவுக்குச் சேர வேண்டிய கூலியை விட அதற்கு அதிகம் ஆகியிருக்கும்.

*

இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். நான் ஆபீசை அப்படியே போட்டுவிட்டு வந்து தூண் ஓரமாக நின்றேன், என் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க.

"எல்லாரும் குடும்பமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி. இவர் யாரு?"

"எங்கப்பா."

"வயசு?"

"அம்பத்தி ரெண்டு."

"உங்களுக்கு?"

"நாப்பத்தி ஒம்போது."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "சின்ன வயசுலயே கல்யாணம் ஆயிடுச்சு போல."

மாஸ்டருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலீங்க சார்!"

நான் தூணுக்கு அந்தப் பக்கமாக நகர்ந்தேன். இன்ஸ்பெக்டர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. இவரு உனக்கு யாரு?"

ஏழுமலைக்குத் தாய் தகப்பன் இல்லை. பனமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார்.

"அண்ணன்தாங்க சார் எங்கப்பா" என்றான்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அண்ணன் சொன்னதையெல்லாம் சொன்னபடி எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டார். "யோசிச்சுப் போடுங்க. மகன்னு எழுத்துல குடுத்தா, அது சம்பளத்தோட நின்னுக்காது" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பயப்படாதீர்கள் என்று தலையை ஆட்டினேன். போட்டுவிட்டார்.

ஊர் இதை விடுமா? காலை டிபனுக்கு வருகிறவர்கள் "தாத்தா, ஒரு ரோஸ்ட்" என்று மாஸ்டரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஜங்ஷன் கூலிக்காரர்கள் ஏழுமலையைச் "சின்ன மொதலாளி" என்றார்கள். அந்தப் பேச்சு பஸ் ஏறி வளவனூர் வரைக்கும் போனது.

வளவனூரில் ஒரு பெண் இருந்தாள். பச்சையம்மாவுக்குத் தூரத்து உறவு. அவளை ஏழுமலைக்குக் கேட்டு, அவனுக்கும் பிடித்து, அந்தப் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவர்தான் மறுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு மாசம் என்ன வருகிறது என்று கேட்டதற்கு, "அண்ணன் பாத்துக்குவாரு" என்று ஏழுமலை சொன்னதுதான் காரணம். அந்தப் பதிலுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏழுமலை அதற்கப்புறம் பத்து நாள் சாம்பாரையும் ரசத்தையும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான்.

அந்த மனிதர் ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கையில் வெற்றிலை பாக்குப் பழத் தட்டோடு ஓட்டலுக்குள் வந்தார்.

"சம்பந்தி இருக்காரா?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவரை வாழ்க்கையில் யாரும் சம்பந்தி என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட வழியும் இல்லை. அப்போது அவர் முகம் இருந்த இருப்பை நான் அப்புறம் பார்க்கவில்லை.

"வாங்க, வாங்க சம்பந்தி! ஒக்காருங்க. மாஸ்டர், ஜல்தியா ரெண்டு காபி போடுங்க!"

"அப்பாவையே வேலை வாங்கறீங்களே சம்பந்தி" என்றார் வளவனூர்க்காரர்.

அண்ணன் அதையும் சேர்த்துச் சிரித்தார். தட்டு மேஜைமேல் இருந்தது, இன்னும் வளவனூர்க்காரர் கைக்குப் பக்கத்தில். ஏழுமலை தண்ணீர்க் கூஜாவோடு சுவரோரம் நின்றுவிட்டான்.

"ஏழுமலை உங்க புள்ளைன்னு சர்க்காருக்கே எழுதிக் குடுத்துட்டீங்களாமே. அப்போ நான் உங்ககிட்டதான வரணும்?"

"பின்ன?"

"அப்போ பாகம் சொல்லுங்க."

"இன்னா பாகம்?"

"புள்ளை மூணு. கடை இருக்குது, பின்னால மனை இருக்குது. என் மருமவனுக்கு எது?"

அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கண்ண மூடறவரைக்கும் எல்லாம் ஒண்ணா இருக்கட்டுமே. அவனுக்கு வேண்டியத நான் பாத்துக்கறேன்."

"என் பொண்ணுக்கு?"

"அதுக்கும் நான்தான்."

"அது கண்ணாடி வளையல் வாங்கணும்னு ஆசப்பட்டா?"

"வந்து கேக்கட்டும். எதுக்குன்னு சொன்னா வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். இதுல இன்னா பேஜாரு?"

வளவனூர்க்காரர் காபியை நிதானமாக ஆற்றினார். கோபப்பட்டது போலத் தெரியவில்லை.

"எங்கப்பன் பண்ணையாளுங்க. பண்ணைக்காரரு நல்ல மனுஷன். ஒரு அடி அடிச்சதில்ல. கஞ்சி ஊத்தினாரு, துணி எடுத்துக் குடுத்தாரு, எங்கக்கா கல்யாணத்துக்கு ஆடு குடுத்தாரு. எல்லாத்தையும் பாத்துக்கினாரு. எங்கப்பனுக்கு எதோ ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாளா ஆச. இன்னான்னு சாவறவரைக்கும் எங்ககிட்டகூடச் சொல்லல. சொன்னா பண்ணைக்காரரு காதுக்குப் போயிடும், அவரே வாங்கிக் குடுத்துடுவாருன்னு."

டம்ளரை வைத்தார். தட்டின் விளிம்பில் கை வைத்தார்.

"அதனால பாத்துக்கறேன்ற பேச்சு வேணாங்க. புள்ளைன்னா பாகம் சொல்லுங்க. வேலைக்காரன்னா சம்பளம் சொல்லுங்க. ரெண்டும் இல்லன்னா நான் பஸ்ஸப் புடிக்கறேன்."

அண்ணன் என்னைத் தேடினார். நான் கூரையில் ஓடுகளின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பிரிவுகள் எல்லாம் அன்றைக்கு லீவு.

கடைசியில் அவர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. நான் உனக்கு யாரு?"

ஏழுமலை கூஜாவைக் கீழே வைத்தான். அதை வைப்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"சம்பளம் சொல்லுங்கண்ணே" என்றான்.

அண்ணன் கை கழுவும் இடத்துக்குப் போனார். முகத்தைக் கழுவினார். துண்டால் துடைத்தார், மறுபடி கழுவினார். திரும்பி வந்தபோது குரல் மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

"சர்க்கார் இன்னா சொல்லுதோ அது. தட்ட வைங்க."

*

மறுநாள் பஸ்ஸில் கடலூர் போய் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, அவர்கள் யாரும் தன் குடும்பம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். உத்தரவு வந்த நாளிலிருந்து பாக்கியைச் சேர்த்துக் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார். சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டரே சொல்லியிருக்கிறார். அண்ணன் கேட்கவில்லை. "சோத்துக்குக் காசு வாங்கறவன் மனுஷனா தம்பி?" என்றார் என்னிடம். ஓட்டல் நடத்துகிறவர் சொன்னது இது.

"ஏழு பேத்தையும் இல்லன்னு சொல்லிட்டு வந்தேன். எழவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தாப்ல இருக்குது" என்றும் சொன்னார். பிறகு, கொஞ்சம் கழித்து, "பாகம் கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பேன்டா" என்றார். கொடுத்திருக்கவும் கூடும். ஆனால் முதலில் எதுக்கு என்று கேட்டிருப்பார்.

முதல் சம்பளம் கொடுத்த சாயங்காலம் நான் கல்லா பக்கத்தில் இருந்தேன். அண்ணன் அன்று சட்டை போட்டிருந்தார். எதற்கென்று தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் போடுவார். ஒவ்வொருவராக வந்தார்கள். பணத்தை நீட்டும்போது ஒவ்வொரு தடவையும் அவர் வாய் 'எ...' என்று தானாகத் திறந்தது. உடனே சொம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். ஏழாவது ஆளுக்குள் சொம்பு காலி.

மாஸ்டர் மறுவாரமே பாண்டிச்சேரி போய்க் கறுப்பு ஃபிரேம் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் அவரை இரண்டு நாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பச்சையம்மா எல்லார் முன்னாலும் மூக்குப்பொடி மட்டையைப் பிரித்து உறிஞ்சித் தும்மினாள். "இதுவா? இதச் சொல்லியிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பனே" என்று அண்ணன் ஆதங்கப்பட்டார். "அதான் சொல்லல" என்றாள் அவள், அடுத்த தும்மலுக்கு முன்னால்.

ஏழுமலை மட்டும் பாக்கியும் சேர்ந்து வந்த பணத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடைத்தெருப் பக்கம் நடந்தான். அண்ணன் வாசல்வரை வந்து பார்த்தார். "தம்பி, அப்டியே காலார நடந்துட்டு வாயேன்" என்றார் என்னிடம். நடந்தேன். ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். ஒரு நீளமான கூட்ஸ் வண்டி. அது போய் முடிந்தபோது எதிர்ப்பக்கம் நாலைந்து மாடுகள்தான் நின்றன. ஏழுமலை திரும்பி வந்தபோது அவன் கையில் ஒன்றும் இல்லை. இடுப்பிலும் ஒன்றும் இல்லை.

கல்யாணம் வளவனூரில் நடந்தது. பையனுக்கு அப்பா இடத்தில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தபோது, வளவனூர்க்காரரே அண்ணன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அதான் சம்பளம் குடுக்கறீங்களே, இனிமே ஒக்காரலாம்" என்றார். மொய்க்கு அண்ணன் காசு வைக்கவில்லை. பித்தளை அண்டா வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

அதற்கப்புறம் அண்ணன் மாதம் தவறாமல் எல்லாருக்கும் சம்பளம் கொடுத்தார். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. ஆனால் அந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குனிவார்.

"தம்பி, அந்த மொதச் சம்பளத்த இன்னா பண்ணியிருப்பான்?"

"பெண்ணுக்கு ஏதாவது வாங்கியிருப்பான்."

"கேட்டுட்டேன். அது இல்லன்னுச்சு."

"கடன் இருந்திருக்கும்."

"எனக்குத் தெரியாத கடனா? நீ ஒரு நாளு கேட்டுச் சொல்லேன். நான் கேட்டா நல்லாயிருக்காது."

கேட்டால் நன்றாயிருக்காது என்று அவர் தெரிந்துகொண்டதே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு நான் கேட்கவில்லை. ஏழுமலை கொஞ்சம் காசு சேர்த்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தனியாக டிபன் கடை போட்டுக்கொண்டு போனான். போகும்போது அண்ணன் தோசைக்கல் ஒன்றைத் தலையில் வைத்து அனுப்பினார். அதற்கப்புறமும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் பார்க்கப் போனேன். நாக்கு கொஞ்சம் இழுத்திருந்தது. அப்போதும், "கேட்டியா?" என்றார். எதைக் கேட்டியா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. சீக்கிரம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் காத்திருக்கவில்லை.

ஓட்டலைத் தங்கச்சி பிள்ளைகள் வந்து விற்றுவிட்டுப் போனார்கள். சட்டத்தில் இல்லை என்று நான் சொன்ன அதே தங்கச்சி பிள்ளைகள்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ என்னைத் திண்டிவனம் கிளைக்கு மாற்றினார்கள். போன அன்றே ஏழுமலை கடைக்குப் போனேன். சின்னக் கடை. இரண்டு பேர் வேலை செய்தார்கள். கூலி விவரம் அச்சடித்த தாள் சுவரில் புகை படிந்து ஒட்டியிருந்தது. கல்மேல் தோசை வார்த்துக்கொண்டே அவன் அண்ணனைப் பற்றிப் பேசினான். அழுவற படத்துக்குப் பதிலாகச் சண்டைப் படம் பார்த்ததைச் சொல்லிச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் வெங்காயம் நறுக்கி வைத்திருந்ததால் நிச்சயமாக எதையும் சொல்ல முடியவில்லை.

இதைவிட்டால் நேரம் வாய்க்காது என்று தோன்றியது. செத்துப்போனவருக்குக் கொடுத்த வாக்கு வேறு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்பப் பரிவாகத்தான் கேட்டேன். "ஏழுமலை, அண்ணன் கடைசிவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருந்தாரு. அந்த முதல் சம்பளத்தை என்ன பண்ணின?"

அவன் தோசையைத் திருப்பிப் போட்டான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"எதுக்கு சார்?" என்றான்.